ஓட்டையோடு வந்த படகு

எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு வருஷம் ஒரு படகு நின்றது. கிளியனூர்ப் பக்கம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் சவுக்கும் போடுகிற ஊர் எங்களுடையது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த ஊரில், வேப்ப மரத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே, நீலமும் வெள்ளையுமாக இருபத்தெட்டு அடியில் ஒரு ஃபைபர் படகு. புதுச்சேரி ரோட்டில் போகிறவர்கள் பஸ் ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் இடித்துக் காட்டுவார்கள். ஒரு கண்டக்டர் எங்கள் நிறுத்தத்துக்குப் பேரையே மாற்றிவிட்டார். "படகு ஸ்டாப்பு எறங்கு, ஜல்தி ஜல்தி" என்று அவர் குரல் கொடுத்தால் மொத்த பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் கெத்தாகத்தான் இறங்குவேன். படகு என் தம்பியுடையது.

நான் கடற்கரைப் பெண். மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். எங்கள் ஊர் ஐஸ் ஃபேக்டரியில் மோட்டார் புகைந்துபோனபோது, செம்புக் கம்பிச் சுருள் மாற்றிக் கட்டுவதற்காகத் திண்டிவனத்தில் இருந்து ஒருத்தர் வந்தார். ஒரு நாள் வேலை. மூன்று நாள் இழுத்தார். நான்காவது நாள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைச் சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மறுபடி வந்து நின்றார். அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தொண்ணூற்று மூன்றில் கல்யாணம். இரண்டு குடும்பமும் மாதா கோயில் குடும்பம்தான் என்பதால் ஃபாதரிடம் போய் நிற்பதில் சிக்கல் இல்லை. மாமனாரிடம் போய் நிற்பதில்தான் சிக்கல். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் நேராகக் கேட்டார்.

"ஏம்மா, ஒனக்குக் களை வெட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க. கத்துக்குவேன். உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

தெரியாது என்றார். அதோடு பேச்சை முடித்துக்கொண்டு காப்பி குடித்தார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். அவருக்குக் காது நல்ல கெட்டி, பிடிவாதம் அதைவிடக் கெட்டி. படகு வருவதற்கு முன்னால் எங்கள் இரண்டு பேருக்கும் பதினேழு வருஷம் ஒரே வீட்டில் எப்படி ஒத்துப்போனது என்று கேட்டால், ஒத்தே போகவில்லை, பழகிப்போனது, அவ்வளவுதான்.

என் தம்பி என்னைவிடப் பத்து வயது சின்னவன். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவனுக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்குத் துரத்தியது நான்தான். இரண்டாயிரத்துப் பத்தில் அவன் வளைகுடா நாட்டுக்கு மீன்பிடிக்கிற வேலைக்கு இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கிளம்பினான். எங்கள் குப்பத்தில் கரையைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிற காலம் அது. ஆளில்லாத படகை அங்கே விட்டுப் போனால் பாதியைக் கடல் எடுத்துக்கொள்ளும், மீதியை ஆள் எடுத்துக்கொள்வான். அதனால் ஒரு லாரியில் ஏற்றி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டான். எஞ்சினைத் தனியாகக் கழற்றி, கோணியில் சுற்றி, எங்கள் மல்லாட்டை மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தான்.

போகிற அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "ரெண்டே வருஷம்க்கா. படகு நல்லா இருந்துச்சுன்னா வந்து எறங்குன மறுநாளே கடலுக்குப் போயிடுவேன். படகு போச்சுன்னா, திரும்ப அங்கதான் போவணும். புதுசு வாங்க நமக்கு வக்கு இல்ல. நீ பாத்துக்கோ."

குப்பத்தில் அவன் மனைவி கையில் பெண் குழந்தை, அப்போது நான்கு மாதம். அந்தப் படகு கெட்டால் அந்தக் குழந்தைக்கு அப்பன் முகம் போட்டோவில்தான். ஆனாலும் "போடா, பெரிய கப்பல்! மாட்டையே பாத்துக்கறேன், இதப் பாத்துக்க மாட்டேனா" என்று சொல்லி அனுப்பினேன்.

அவன் சொல்லிவிட்டுப் போன பாடம் மூன்றே மூன்று. படகின் மூக்கு உயரமாகவும் பின்பக்கம் தாழ்வாகவும் இருக்க வேண்டும். அதற்காக முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று செங்கல் அடுக்கி நிறுத்தினான். பின்பக்கம் அடியில் ஒரு ஓட்டை இருக்கும், அதன் தக்கையைப் பிடுங்கி வைத்துவிட வேண்டும். மேலே மூடி வைக்க வேண்டும், ஆனால் காற்றுப் போக வேண்டும். தக்கை என்றால் கட்டைவிரல் பருமனில் ஒரு மரக்கட்டை, துணி சுற்றியது. அதைப் பிடுங்கி, மாதா படத்துக்குக் கீழே ஜெபமாலை வைக்கிற தகர டப்பாவில் போட்டுப் பத்திரமாக மூடினேன்.

மாமனார் படகைச் சுற்றி வந்து, குனிந்து, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஓட்டைப் படகைக் கொண்டாந்து எறக்கிட்டுப் போறான் ஒன் தம்பி?"

"அது அப்படித்தான் மாமா. கடல் சமாச்சாரம். உங்களுக்குப் புரியாது."

அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

முதல் மழைக்காலத்தில் நாங்கள் படகுக்குப் போட்டது ஒரு கல்யாண பேனர். தெருக்கோடி வீட்டுக் கல்யாணம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் போய்க் கேட்டு வாங்கிவந்தார். மணமக்கள் வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி படகு முழுக்கப் படுத்துக்கொண்டார்கள். நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டினோம், கட்டில் மாதிரி விறைப்பாக இருந்தது. அடேங்கப்பா, என்ன அழகு என்று நானே மெச்சிக்கொண்டேன். ஐப்பசி மழை ஒரே ஒரு மணி நேரம் பெய்தது. மாப்பிள்ளையின் முகத்தில் ஒரு குட்டை, பெண்ணின் கழுத்தில் ஒரு குட்டை. அடுத்த மழைக்கு இரண்டு குட்டையும் சேர்ந்து ஒரே குளமாகி, பேனர் தொப்பையாகத் தொங்கியது.

அதை வடிப்பதற்கு ஒரே வழிதான். துடைப்பக் கட்டையோடு படகுக்குள் ஏறி, குனிந்து போய், அடியில் இருந்து முட்ட வேண்டும். முட்டினால் தண்ணீர் விளிம்பு தாண்டி வெளியே கொட்டும். கொட்ட வேண்டும். எனக்கு மட்டும் எப்போதும் கட்டிய கயிறு அவிழ்ந்து என் தலைமேல்தான் கொட்டும். மழை விட்டதும் நான் துடைப்பத்தோடு படகேறுவதைப் பார்க்கப் பக்கத்துக் கொல்லையில் களை வெட்டுகிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நிற்பார்கள். "இன்னாக்கா, மீனு பட்டுச்சா?" என்று கேட்பார்கள். "பட்டுச்சுடி, வந்து ஆய்ஞ்சு குடுத்துட்டுப் போங்க" என்பேன். ஒரு மாதத்தில் மாப்பிள்ளையின் மூக்கு கிழிந்தது. தண்ணீர் அத்தனையும் படகுக்குள் விழுந்தது, விழுந்த வேகத்தில் பின்பக்க ஓட்டை வழியாக ஓடியும் போனது. தம்பி சொன்னது சரிதான் என்று நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் மாமனார் களத்தில் குதித்தார். "ஒங்களுக்கெல்லாம் மூடத் தெரியல. நடுவுல மேடு இருந்தாத்தான் தண்ணி ஓடும். பள்ளத்துக்கு மேல பாயப் போட்டா தேங்காம இன்னா பண்ணும்?" என்றார். அதில் நியாயம் இருந்தது. நான் மாட்டுக்குத் தவிடு வாங்கக் கிளியனூர் போய்வந்த நேரத்தில், படகு முழுக்க மல்லாட்டைக் கொடியைத் திணித்து, மேலே கூம்பாக வைக்கோல் போர் போல அடுக்கி, தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பார்க்க நிஜமாகவே கச்சிதமாக இருந்தது. அன்றைய மழையில் ஒரு பொட்டுக்கூடத் தேங்கவில்லை. "போரு போடத் தெரிஞ்சவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

பத்தே நாள். முதலில் மாடு ஒரு மூலையைக் கடித்து இழுத்தது. பிறகு தார்ப்பாய்க்கு உள்ளே கீரிப்பிள்ளை குடித்தனம் வந்தது. பிறகு ஒரு நாற்றம் வந்தது, அப்பப்பா! கொடியை வெளியே இழுத்துப் பார்த்தால் அடி முழுக்க அவிந்து, சூடாகி, கஞ்சி மாதிரி இருக்கிறது. மாடு இழுத்த மூலை வழியாக நுழைந்த தண்ணீர் ஓட்டையைத் தேடிப் போக, ஓட்டையைக் கொடி அடைத்துக்கொண்டிருந்தது. அதை அள்ளிக் கழுவ எனக்கு மூன்று நாள் ஆனது. "உங்க போருக்கு என் தம்பி படகுதான் கெடச்சுதா?" என்று கத்தினேன். அவர் வருத்தப்பட்டதெல்லாம் வேறு விஷயத்துக்கு: "ஒரு மாசத்துத் தீனி. மாட்டுக்கு இல்லாம பூட்டுதே." சிரிப்பை அடக்கிக்கொண்டு கோபத்தைத் தொடர்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு பக்கமும் கத்தரிக்கோல் மாதிரிக் கழி நட்டு, நடுவில் மூங்கிலை நீளமாகப் படுக்கவைத்து, அதன்மேல் புதுத் தார்ப்பாயைக் கூரை போல இறக்கினார். இரண்டு முனையும் திறப்பு, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். மழைத் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழிந்து தரையில் விழும். மாமனாருக்கு அதையும் சும்மா விட மனசு வரவில்லை. விழுகிற தண்ணீருக்கு மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் இழுத்து, கத்தரிச் செடிக்குத் திருப்பிவிட்டார். கண்ணெதிரே தண்ணீர் வீணாகப் போவதை அவரால் பார்க்க முடியாது. வாய் கொப்பளிப்பதையே வாழைக்கு அடியில் போய்க் கொப்பளிக்கிற மனிதர். அந்தக் கூரை அடுத்த வருஷம் கார்த்திகை வரைக்கும் அசையாமல் நின்றது.

அந்த இரண்டாவது மழைக்காலத்தில் மாமியாருக்குப் பித்தப்பையில் கல். விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன், பிறகு காய்ச்சல், பிறகு தையல் ஆறவில்லை என்று நான் அங்கே பத்து நாள் கூடவே இருந்தேன். என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் மோட்டார் கடைக்கும் விழுப்புரத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தார். வீட்டில் மாமனாரும் மாடும்தான். நடுவில் மூன்று நாள் விடாத மழை, பேய்க்காற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வீட்டுக்கு போன் போட்டேன்.

"மாமா, படகு எப்படி இருக்குது?"

"தார்ப்பா காத்துல பிச்சிக்கினு பூடுச்சும்மா."

"ஐயையோ!"

"கவலப்படாத. நான் ஒரு வேல பண்ணிக்கீறேன். வந்து பாரு."

"இன்னா வேல மாமா?"

"வந்து பாருன்றேன்ல."

மூக்கு உயரமாக இருக்கிறது, ஓட்டை திறந்திருக்கிறது, எவ்வளவு பெய்தாலும் ஓடிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். தம்பி வருவதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. பொங்கலுக்கு முன்னால் வந்துவிடுவான்.

மாமியாரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே படகைப் பார்த்தேன். என்னவோ சரியில்லை. இரண்டு செங்கல் அடுக்குக்கும் நடுவே வயிறு தொங்குகிற மாதிரி இருந்தது. எங்கள் மாடு படகின் விளிம்பில் தாடையை வைத்து, நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. கிட்டே ஓடினேன். விளிம்பு வரைக்கும் தண்ணீர். வேப்பிலை மிதந்தது. ஒரு தவளை படகோட்டியின் பலகையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

மாமனார் துண்டை உதறிக்கொண்டு சிரித்தபடி வந்தார். "பாத்தியா? ஒரு சொட்டு வீணாவல."

தார்ப்பாய் பறந்ததும் மழை படகுக்குள் விழுந்திருக்கிறது. பின்பக்க ஓட்டையில் தண்ணீர் குபுகுபுவென்று வெளியே வந்திருக்கிறது. வரப்பில் நண்டு வளையில் தண்ணீர் ஓடினால் எந்த விவசாயி என்ன செய்வானோ அதைத்தான் அவர் செய்தார். ஓடிப்போய் மண்ணை உருட்டி அடைத்தார். மண் கரைந்தது. விடுவாரா? சிமென்ட்டைக் குழைத்து, கோணித் துணியோடு சேர்த்து, மழையில் நனைந்துகொண்டே நன்றாக இறுக்கி அடைத்துவிட்டார். படகின் ஓட்டையை அடைத்து அதைக் காப்பாற்றிவிட்டதாக அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்தார்.

என்னென்ன பேசினேனோ, எல்லாம் இப்போது ஞாபகம் இல்லை. சிலது இருக்கிறது. "உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதா? இத்தன தண்ணி பாரம் ரெண்டு செங்கல்லு மேல எப்படி நிக்கும்? என் தம்பி பொழப்ப முடிச்சிட்டீங்களே! இனிமே அவன் வரவே மாட்டான். உங்களாலதான், உங்களாலதான்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமியார், "ஏம்மா, நான் இன்னும் வாசப்படிகூட மிதிக்கலியே" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

மாமனார் படகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஓட்டய அடைச்சா தப்பாம்மா?" என்று கேட்டார். சத்தமே இல்லாமல் கேட்டார்.

இந்த இரண்டு வருஷத்தில் அந்த ஓட்டை எதற்கு என்று அவருக்கு நான் சொல்லவே இல்லை. சொல்ல அரை நிமிஷம் போதும். அது உறைத்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவரே உளியும் சுத்தியலும் எடுத்துப் போய், குந்தி உட்கார்ந்து சிமென்ட்டைக் கொத்தினார். கட்டி பெயர்ந்ததும் தண்ணீர் பீறிட்டு அவர் நெஞ்சில் அடித்து, தலைப்பாகையைக் கழற்றி எறிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வேறு ஒரு நாளாக இருந்தால் நான் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்திருப்பேன். தண்ணீர் வடிந்ததும் அடியில் தடவிப் பார்த்தோம். முன்பக்கச் செங்கல் அடுக்குக்கு நேர்மேலே ஒன்றரைச் சாண் நீளத்துக்கு விரிசல். அழுத்தினால் அசைந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தான். முதலாளி இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் என்றான். "படகு நல்லாக்கீதாக்கா? அத்த வச்சித்தான் நான் பதில் சொல்லணும்." "நல்லா இருக்குதுடா" என்று பொய் சொன்னேன். பக்கத்தில் நின்றிருந்த மாமனார் என்றைக்கும் இல்லாமல், "நானும் ரெண்டு வார்த்த பேசிட்டுத் தர்றேன், குடு" என்று போனை வாங்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். பத்து நிமிஷம் பேசினார். வரும்போது டார்ச் லைட் வாங்கிவரச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இந்த நேரத்தில் டார்ச் லைட்டா என்று பற்றிக்கொண்டும் வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே அவர் ஆளைக் காணோம். சாயங்காலம் திரும்பிவந்தார், கூட எங்கள் குப்பத்துப் பக்கத்தில் ஃபைபர் ஒட்டுகிற ஆள் ஒருத்தர். இரண்டு பேர் மடியிலும் ஃபைபர் ஒட்டுகிற ரெசின் பசை டப்பா. அந்த நெடிக்கு பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொள்ள, கண்டக்டர் நடுவழியில் இறக்கிவிடப் பார்த்தாராம். "படகு ஸ்டாப்பு வரைக்கும் வுடுப்பா, படகுக்குத்தான்" என்று இவர் கெஞ்சியிருக்கிறார். தன் வாயால் அந்தப் பேரை அவர் சொன்னது அன்றைக்குத்தான்.

அந்த ஆள் படகைத் தட்டிப் பார்த்தார். "ஒட்டிடலாம். ஆனா ஈரம் துளிகூட இருக்கக் கூடாது. நல்லாக் காயணும். காயாம ஒட்டுனா நாலே அலையில உரிஞ்சிக்கும். காஞ்சதும் சொல்லி அனுப்புங்க" என்று டப்பாக்களை வைத்துவிட்டுப் போனார்.

மார்கழிப் பனியிலும் தூறலிலும் ஒரு படகைக் காயவைப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. கடற்கரையில் காற்றே காயவைத்துவிடும். ஆனால் மல்லாட்டை காயப்போட்டவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது நாள் அவர் படகை விட்டு நகரவில்லை. வேறு தார்ப்பாய் வாங்கிப் போட்டிருந்தார், வெயில் வந்ததும் அதை விலக்குவார். தெற்கே ஒரு திட்டு மேகம் தெரிந்தால் போதும், ஓடிவந்து மூடுவார். பொழுது சாயும் முன்னால் பனி இறங்காமல் மூடிக் கல் வைப்பார். விரிசலில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், மல்லாட்டையைக் காதோரம் குலுக்கிப் பார்க்கிற அதே முகத்தோடு. ஒன்பதாவது நாள், "காஞ்சிடுச்சு" என்றார். ஃபைபர் ஆள் வந்து, உள்ளேயும் வெளியேயும் தேய்த்து, ஃபைபர் துணி வைத்து, ரெசின் ஊற்றி, அடுக்கு அடுக்காக ஒட்டினார். "கடல்ல போட்டாத்தான் தெரியும்" என்றார் போகும்போது.

இத்தனைக்கும் நடுவில் நானும் மாமனாரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. அவர் சோற்றை அவரே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியது நான்தான் என்று எனக்குத் தெரியும். வாய் நீளம்தான், அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எட்டவில்லை.

தம்பி வந்தான். கறுத்து, இளைத்து, என்னைவிட வயதானவன் மாதிரி இருந்தான். பெட்டியைத் திண்டிவனம் ஆட்டோவில் இருந்து இறக்குவதற்கு முன்பே படகுக்குப் போனான். சுற்றி வரவில்லை, தேடவில்லை. நேராகக் குனிந்து, அடியில் கையை விட்டு, அந்த ஒட்டின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

நான் பின்னாலேயே ஓடினேன். "எப்பிடிடா தெரியும்?"

"பெரிய மாமா அன்னிக்கே சொல்லிட்டாரே போன்ல." என் மாமனாரை அவன் பெரிய மாமா என்றுதான் கூப்பிடுவான். "ஒன் படக நான்தான் ஒடச்சேன், ஒங்கக்கா மேல தப்பு இல்ல, அது ஆஸ்பத்திரியில இருந்துச்சுன்னாரு. ஒட்டித் தர்றேன், ஒட்டியும் ஓடலன்னா ரோட்டோரக் கொல்லைய வித்தாவது வேற வாங்கித் தர்றேன், இத்த சாக்கா வச்சிக்கினு அங்கயே கையெழுத்துப் போட்டுடாத, வந்துடுப்பான்னாரு. அழுதாருக்கா. நான் மறுநாளே மொதலாளிகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்."

ரோட்டோரக் கொல்லை என்பது அவருக்கு இருந்ததிலேயே நல்ல நிலம். தன் சொந்த மகன் மோட்டார் கடை வைக்கக் கேட்டபோதுகூட விற்க மாட்டேன் என்று சொன்ன நிலம். டார்ச் லைட் என்று நினைத்தேனே, பாவி! படகைப் பிடித்துக்கொண்டு நின்று வாய்விட்டு அழுதேன். பிறகு வீட்டுக்குள் போய், மாதா படத்தின் கீழிருந்து தகர டப்பாவைத் திறந்து, தக்கையை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். மாமனார் ஏற்கெனவே கூட்டின இடத்தையே கூட்டிக்கொண்டிருந்தார். தக்கையை அவர் கையில் வைத்தேன்.

"மாமா, இதுதான் அந்த ஓட்டைக்குத் தக்கை. படகு தரையில நிக்கறப்ப இதப் புடுங்கி வச்சிடணும். மழைத் தண்ணி தானா ஓடிடும். கடல்ல எறக்கும்போது அடைக்கணும். இத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்பு என்னுது. கண்டபடி பேசிட்டேன், மன்னிச்சிடுங்க."

அவர் தக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோதானா?"

"இவ்ளோதான் மாமா."

"இத்தச் சொல்ல ஒனக்கு ரெண்டு வருஷமா?" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டுக்கு வைக்கோல் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு, "பசிக்கிது, சோறு போடு" என்றார். போட்டேன்.

பொங்கல் முடிந்த வாரம் படகை லாரியில் ஏற்றினோம். மாமனார் தக்கையை யாரிடமும் கொடுக்கவில்லை, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். குப்பத்தில் இறக்கியதும், "இப்ப அடைக்கலாமா?" என்று கேட்டார். "இருங்க பெரிய மாமா, எஞ்சின் மாட்டணும்" என்றான் தம்பி. எஞ்சின் மாட்டியதும் கேட்டார். "இருங்க, அலைக்கிட்ட தள்ளிக்கினு போவலாம்." மணலில் பத்து பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். நுரை படகின் மூக்கைத் தொட்டது. இந்த முறை அவர் தம்பியைக் கேட்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"அடைங்க மாமா" என்றேன்.

தக்கையைச் செருகி, ஒரு கல்லை எடுத்து ஐந்தாறு தரம் அடித்தார். போதும் என்று சொன்ன பிறகும் இரண்டு அடித்தார். படகு அலையில் ஏறி, ஆடி, நிமிர்ந்து, போனது. நீச்சல் தெரியாத மனிதர், முட்டி ஆழத் தண்ணீரில் வேட்டி நனைய நின்றுகொண்டு, கையை வாயருகே குவித்துக் கத்தினார்.

"ஒழுவுதாப்பா?"

தம்பி குனிந்து உள்ளே தடவிப் பார்ப்பது தெரிந்தது. கரையில் அவன் பெண் தன் அம்மாவின் இடுப்பில் இருந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். எஞ்சின் சத்தத்துக்கு மேலே அவன் குரல் வந்தது.

"இல்ல பெரிய மாமா! காஞ்சு கெடக்குது!"

மாமனார் கரைக்கு வந்து ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் மீன் கொண்டுவந்து இறக்கும் வரைக்கும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.